அரைக் கட்டைச் சண்டை

"அந்த ஹீட்டர் மேல யாராவது கை வச்சீங்க, இந்தப் பெட்டியைத் தூக்கி வண்டியில போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டே இருப்பேன்!"

"போங்களேன்! யாரு பிடிச்சு வச்சிருக்கா? போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க, குளிர் உள்ள வருது."

"உள்ள குளிரா இருக்கணும்னுதானே இவ்வளவு நேரமா கத்திக்கிட்டிருக்கேன்!"

"டாக்டர், இது சர்ச். மீன் போட்டு வைக்கிற கிடங்கு இல்ல."

மார்கிட் ஹௌகன் இருவருக்கும் நடுவில் நின்றாள். வயோலாப் பெட்டி தோளில் தொங்கியது. மூன்று அடுக்குக் கம்பளிச் சட்டைக்குள் அவளுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் வடகோடியில், ஏரிக்கரை நகரமான டுலூத்தில் பிப்ரவரி மாதம் வியர்க்க வேண்டுமானால் ஒன்று அடுப்படியில் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஹார்லன் பெர்குவிஸ்டுக்கும் ஐலி டிக்கனனுக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

ஹார்லன் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேர் அவர் முன்னால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, பதில் பேச வழியில்லாமல் உட்கார்ந்து பழகியவர்கள். அந்தப் பழக்கம் இன்னும் அவர்களை விட்டபாடில்லை. தெருவில் நிறுத்தி அவர் எதைச் சொன்னாலும் வாயைப் பிளந்தபடி கேட்டுவிட்டுப் போவார்கள். ஐலி மட்டும் ஆயுள் முழுக்கப் பாலத்துக்கு அந்தப் பக்கம், சுப்பீரியர் என்ற ஊரில் பல் பார்த்துக்கொண்டவள். அவளுக்கு அந்தப் பயம் கிடையாது. சர்ச்சின் சமையல்கட்டும் அவள் பொறுப்பு, ஹீட்டர் பொத்தானைப் பூட்டும் சாவியும் அவள் கழுத்தில். புருஷன் போனபின் அந்தச் சாவிதான் அவளுக்கு நகை.

சண்டைக்குக் காரணமான பெட்டி பலிபீடத்துக்கு முன்னால் மூன்று கால்களில் நின்றது. ஹார்ப்சிகார்ட் என்று பெயர். பியானோ பிறப்பதற்கு முன்னால் பியானோவின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுத்தியலால் அடிக்காது, நகத்தால் மீட்டுவதுபோலத் தந்திகளைச் சுண்டும். நகரத்துக்கே அது ஒன்றுதான். பார்சலில் வந்த பலகைகளையும் தந்திகளையும் வைத்து ஹார்லன் தன் கார் ஷெட்டில், பல் சுரண்டும் கருவிகளைக் கொண்டே செய்து முடித்தது. யார் கேட்டாலும் இரவல் தருவார். ஆனால் பெட்டியோடு ஹார்லனும் வருவார். சூடு படக் கூடாது, பட்டால் மரம் காய்ந்து சுருதி ஓடிவிடும். பக்கத்தில் பூ வைக்கக் கூடாது. மேலே காப்பிக் கோப்பை வைத்தவரை அவர் ஜென்மத்துக்கும் மன்னித்ததில்லை. சுருதியும் அவரே சேர்ப்பார். முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, வாசிக்கிறவரின் விரலையே முறைப்பார்.

"ஹார்லன், மணி ரெண்டாகப் போகுது," என்றாள் மார்கிட். "நாங்க ஒத்திகை பாக்கணும்."

"நானா வேண்டாம்ங்கறேன்? இந்தம்மாகிட்ட சொல்லுங்க."

"ஐலி, ப்ளீஸ்..."

"என்ன ப்ளீஸ்? வெளியில மைனஸ் இருபது. வரப்போறதுல பாதிப் பேருக்கு எண்பது வயசு. இங்க உக்காந்து விறைச்சுப் போனா யாரு பொறுப்பு? ஏற்கனவே சர்ச்சுல இருக்காங்க, அடக்கத்துக்கு வசதிதான்னு விட்டுடலாமா?"

மார்கிட்டுக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. காரணம் உண்டு. ஞாயிறு மாலை இசைச் சங்கத்தில் வருஷத்துக்கு ஒரு உறுப்பினருக்குத் தனி வாசிப்பு என்பது வழக்கம். முறை வைத்து வரும். ஆனால் அந்த முறை வயோலா வரிசையை நெருங்கும்போதெல்லாம் ஏதாவது நடக்கும். ஒரு வருஷம் புதுப் புல்லாங்குழல்காரி வந்து சேர்ந்தாள். ஒரு வருஷம் மேயரின் மச்சானுக்குத் திடீரென்று செல்லோ வாசிக்கத் தெரிந்திருந்தது. ஒரு வருஷம் மார்கிட்டின் பெயரை அச்சடித்தே விட்டார்கள். அன்றைக்குப் பார்த்துப் பனிப்புயல் வந்து ஊரையே மூடியது. வயோலா என்பது வயலினைவிட ஒரு சுற்றுப் பெரியது, குரல் கொஞ்சம் தாழ்ந்தது. கச்சேரியில் அது இருந்தால் யாருக்கும் தெரியாது, இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது என்பார்கள். ஏறக்குறைய மார்கிட்டும் அப்படித்தான். இன்றைக்குத்தான் அவள் நடுவில் நிற்கப் போகிறாள். முந்நூறு வருஷம் முன்பு ஒரு ஜெர்மன்காரர் வயோலாவுக்கென்றே மனமிரங்கி எழுதி வைத்த நாலு பகுதிகள். இதைத் தவறவிட்டால் அடுத்த முறை வருவதற்குள் அவளுக்கு வில் பிடிக்க விரல் இருக்குமோ என்னவோ.

மற்ற வாத்தியக்காரர்கள் கோட்டும் தொப்பியுமாக வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியப் பெட்டிகள் மூடியே இருந்தன. வெளிக்குளிரில் வந்த பெட்டியை உடனே திறந்தால் மரம் வெடித்துவிடும், அது பொறுமையாகக் குளிர் விடட்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அன்றைக்குப் பெட்டிகளுக்கு இருந்த பொறுமை மனிதர்களுக்கு இல்லை.

ஹார்லன் தந்தி முறுக்கும் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு சுருதி சேர்க்கக் குனிந்தார். அவர் தலை பெட்டிக்குள் போனதும் ஐலியின் கை சுவரிலிருந்த ஹீட்டர் பொத்தானுக்குப் போகும். 'டிக்' என்று சத்தம் கேட்கும். ஹார்லனின் தலை வெளியே வரும்.

"கேட்டுது!"

"என்ன கேட்டுது? காது சரியில்லைன்னா டாக்டரைப் பாருங்க."

மறுபடி தலை உள்ளே போகும். மறுபடி 'டிக்'. இப்படியே போனது. நடுநடுவே அவர் சுருதி காட்டும் சின்ன மீட்டரை வைத்து, முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டார். நின்றது. எல்லாத் தந்திக்கும் நின்றது. முள் எந்தச் சுரத்துக்கு நிற்கிறது என்று அதன் கீழேயே எழுதியிருக்கும். அதைப் படிக்க ஐலி விட்டால்தானே?

"பாத்தீங்களா!" என்று கடைசியில் நிமிர்ந்து மார் தட்டினார். "நேத்து ராத்திரி பாலம் தாண்டிப் போயி அந்தக் கோஷ்டிக்கு வாசிச்சிட்டு வந்திருக்கு. ஒரு தந்தி அசையல! எப்படி? வண்டியில நான் ஹீட்டர் போடல!"

'அந்தக் கோஷ்டி' என்றதும் மார்கிட்டின் முகம் சுருங்கியது. அதைச் சொல்லாமல் கதை நகராது.

கோரின் லஃபான் என்று ஒருத்தி. அவளும் மார்கிட்டும் சங்கத்தில் பல வருஷம் ஒரே ஸ்டாண்டைப் பகிர்ந்துகொண்டு வயோலா வாசித்தவர்கள். ஒருத்தி பக்கம் புரட்டினால் இன்னொருத்தி வாசிப்பாள், அவ்வளவு ஒற்றுமை. கோரின் ஒரு கோடை விடுமுறையில் எங்கோ போய்ப் படித்துவிட்டு வந்தாள். பழைய சங்கீதத்தைப் பழைய சுருதியில்தான் வாசிக்க வேண்டும், இப்போது எல்லோரும் வைத்துக்கொள்ளும் சுருதியிலிருந்து அரைக் கட்டை கீழே இறக்க வேண்டும் என்றாள். சங்கத்தின் வருடாந்திரக் கூட்டத்தில் அதற்கு எழுந்து நின்று பதில் சொன்னது வேறு யாருமில்லை, மார்கிட்தான். "அரைக் கட்டை இறக்கினா அது பழமை இல்ல, சோம்பேறித்தனம். ஜலதோஷம் பிடிச்சவன் பாடற மாதிரி இருக்கும்," என்றாள். கூட்டம் சிரித்தது. கோரின் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வெளியே போய், பாலத்துக்கு அந்தப் பக்கம் தனிக் கோஷ்டி ஆரம்பித்தாள். அன்றிலிருந்து இருவரும் மளிகைக் கடையில் எதிர்ப்பட்டால், இரண்டு பேருக்குமே உறைந்த பட்டாணிப் பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படிக்கும் ஆசை வந்துவிடும்.

ஹார்லனுக்கு இந்தக் கட்சி பேதமெல்லாம் இல்லை. இரண்டு பக்கமும் பெட்டியைத் தருவார். அதற்கு ஒரு வசதியும் செய்து வைத்திருந்தார்: விரல் வைக்கும் கட்டைகள் மொத்தத்தையும் இடது பக்கமாக ஒரு விரற்கடை தள்ளினால் எல்லாமே அரைக் கட்டை இறங்கிவிடும். கோரினுக்கு வாசிக்கும்போது இடது பக்கம். இந்தப் பக்கம் வந்ததும் பழையபடி வலது பக்கம். ஒரு நொடி வேலை.

அந்த ஒரு நொடி அன்றைக்கு அவருக்குக் கிடைக்கவில்லை.

ஒத்திகையும் நடக்கவில்லை. ஐலியும் ஹார்லனும் கத்தி முடிப்பதற்குள் வாசலில் ஜனம் வந்துவிட்டது. மார்கிட் கையெடுத்துக் கும்பிடாத குறையாக ஒரு ஏற்பாடு செய்தாள்: ஹீட்டர் கிடையாது, கோட்டைக் கழற்ற வேண்டாம், வரும்போதே எல்லோருக்கும் ஐலி சூடாகக் காப்பி கொடுத்து உட்கார வைக்க வேண்டியது. ஐலி ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்ட விதம் மார்கிட்டுக்குப் பிடிக்கவில்லை.

எல்லோருக்கும் கடைசியாக, ஊதா நிறத் தொப்பி ஒன்று பின்வரிசையில் வந்து உட்கார்ந்தது. கோரின்.

"வந்துட்டா," என்று மார்கிட் பல்லைக் கடித்தாள். "வேவு பாக்க வந்துட்டா. இன்னிக்கா வரணும்?"

பெட்டிகளைத் திறந்தார்கள். குளிரில் முறுக்காணிகள் சுருங்கி, எல்லா வாத்தியத்திலும் தந்திகள் தளர்ந்து கிடந்தன. அது ஒன்றும் புதிதல்ல. பிப்ரவரியில் தினமும் நடப்பதுதான். ஹார்ப்சிகார்டைக் கேட்டுச் சுருதி சேர்த்துக்கொள்ள வேண்டியது, அவ்வளவே.

ஹார்ப்சிகார்ட் முன்னால் வெண்டல் உட்கார்ந்தான். அந்தச் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவன். துறைமுகத்துக்குள் வரும் கப்பல் ஊதினால் அது என்ன சுரம் என்று படுக்கையில் கிடந்தபடியே சொல்லிவிடுவான். அதனாலேயோ என்னவோ அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு கட்டையை லேசாகத் தொட்டான். புருவம் மேலே போனது. இன்னொன்றைத் தொட்டான்.

"மார்கிட், ஒரு நிமிஷம். இதுல ஒண்ணு சொல்லணும்..."

"வெண்டல்." அவள் குரல் அடங்கித்தான் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "காலையிலேர்ந்து இந்த ஊர்ல எல்லாரும் எங்கிட்ட ஒண்ணு சொல்லிட்டாங்க. இன்னும் ஒரு வாய் திறந்தா, இந்த வயோலாவை ஏரியில வீசிட்டு நான் பேசாம பேக்கரி வைக்கப் போயிடுவேன். சுருதி குடுங்க."

"குடுக்கறேன். ஆனா அது வந்து..."

"சுருதி. குடுங்க."

வெண்டல் கொடுத்தான். அவன் இரண்டு கோஷ்டிக்கும் வாசிப்பவன். எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரியாதவன் இரண்டு பக்கமும் பிழைக்க முடியாது.

எல்லோரும் அந்தச் சுரத்துக்குத் தந்தியை முறுக்கினார்கள். அரைக் கட்டை கீழே, ஒரு வாத்தியம் விடாமல். இரண்டாம் வயலின் வரிசையில் ஒருவர் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். ஆனால் இரண்டாம் வயலின்காரர்கள் எது தப்பாகக் கேட்டாலும் தப்பு தங்களுடையது என்று எடுத்துக்கொண்டு பழகியவர்கள். அவர் தன் தந்தியையே இன்னொரு தடவை சரிபார்த்துக்கொண்டார்.

மார்கிட் வில்லை எடுத்தாள். முதல் பகுதி மெதுவானது. நீளமாக ஒரு சுரத்தை இழுத்து நிறுத்த வேண்டும். இழுத்தாள்.

இழுத்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. தந்தி விரலுக்கடியில் மெத்தென்று இருந்தது. குரல் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. இது அவளுக்குத் தெரிந்த குரல். சண்டைக்கு முந்திய அந்தக் கோடையில், கோரினின் சமையலறையில், சும்மா ஒரு தடவை பார்ப்போமே என்று இரண்டு பேரும் தந்தியை இறக்கிக்கொண்டு வாசித்தார்கள். அன்றைக்கு அவளுக்கு அது பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. கூட்டத்தில் அவ்வளவு சத்தம் போட்டது அதனால்தான்.

வாசித்துக்கொண்டே வெண்டலைப் பார்த்தாள். 'அப்பவே சொல்ல வந்தேன்' என்பதுபோல அவன் முகத்தை வைத்துக்கொண்டான்.

முதல் பகுதி முடிந்தது. அடுத்ததற்கு முன் ஒரு மூச்சு விடும் இடைவெளி. வெண்டல் கட்டைகளின் ஓரத்தைக் கண்ணால் காட்டினான்: தள்ளிவிடட்டுமா? ஒரு நொடி வேலை. ஆனால் தள்ளினால் எல்லோரும் மறுபடி முறுக்க வேண்டும். சபையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஹார்லன் மேடை ஏறுவார், அவர் ஏறிய சாக்கில் ஐலி பொத்தானைத் தட்டுவாள். மார்கிட் ஹௌகனின் தனி வாசிப்பு என்பது சுருதி சேர்க்காத கச்சேரி என்று காலத்துக்கும் பேசுவார்கள். பின்வரிசையில் ஊதாத் தொப்பி குலுங்கியது. கோரின் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அரங்கில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியாமல் போகுமா?

மார்கிட் வெண்டலைப் பார்த்துத் தலையை ஒரே ஒரு தடவை அசைத்தாள். வேண்டாம்.

இரண்டாம் பகுதி பறந்தது. மூன்றாவது மறுபடி மெதுவானது, ரொம்ப மென்மையானது, இலை விழுந்தால் கேட்கும் இடம். அங்கேதான் சுவரோரக் குழாய்கள் 'டொங்... டொங்... டொங்' என்று இடிக்க ஆரம்பித்தன. ஹீட்டர்! முதல் வரிசையிலிருந்து ஹார்லன் எழுந்தார். பூட்ஸ் சத்தம் கேட்கக் கூடாதென்று அவற்றைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காலுறையோடு ஓரமாகவே நடந்து சமையல்கட்டுக் கதவுக்குள் போனார். மார்கிட்டுக்கு வில்லை வைத்து யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆத்திரத்தையெல்லாம் அந்த நீளச் சுரத்திலேயே இறக்கினாள். சபை அதை உருக்கம் என்று எடுத்துக்கொண்டது. சமையல்கட்டிலிருந்து ஒரு கத்தல் வரும், ஒரு தட்டு விழும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் குழாய்கள் அடங்கின. ஹார்லன் கடைசிவரை திரும்பி வரவில்லை.

வாசித்து முடித்தாள். கைதட்டினார்கள். எல்லோரும் தடித்த கம்பளிக் கையுறை போட்டிருந்ததால் 'தொப் தொப்' என்று ஈரத்துணியால் அடிப்பதுபோலத்தான் சத்தம் வந்தது. பின்வரிசையில் ஒருத்தி மட்டும் கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் 'பட் பட்' என்று தட்டினாள். யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

கீழ்த்தளத்தில் காப்பியும் ஐலியின் ஏலக்காய் ரொட்டியும். மார்கிட்டைச் சுற்றிக் கூட்டம். சங்கத்துக்கு ஆதியிலிருந்து சந்தா கட்டிவரும் ஓர்வில் கிழவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"என்ன கனிவும்மா உன் வயோலா! என்னமா ஒரு குரல்! இதான் சங்கீதம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கும்பல் இருக்கே, சுருதியை இறக்கிக்கிட்டுத் தூங்கி வழியறது... அவங்கல்லாம் இதைக் கேக்கணும்!"

"கேட்டோம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கோரின், கையில் ரொட்டித் துண்டோடு. "எல்லாம் அரைக் கட்டை வித்தியாசம்தானே, ஓர்வில்?"

மார்கிட்டுக்குக் காது நுனிவரை சூடேறியது. அந்தச் சர்ச்சில் அன்றைக்குச் சூடாக இருந்தது அந்த இரண்டு காதுகள்தான்.

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஹார்லனின் குரல் இடி மாதிரி இறங்கியது. "யாரு இதைத் தள்ளினது? கட்டை இடது பக்கம் தள்ளியிருக்கு! யாரு தொட்டது?"

காப்பிக் கோப்பைகளோடு மொத்தக் கூட்டமும் படியேறியது. ஹார்லன் பெட்டியின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார். அவர் ஸ்வெட்டர் தோளில் மாவுக் கை ஒன்று பதிந்திருந்ததைப் பார்த்தவர்கள் பார்த்தார்கள். மார்கிட் வாயைத் திறந்தாள். எப்படியும் வெளிவரப் போகிறது, தன் வாயாலேயே வரட்டும் என்று நினைத்தாள்.

"நான்தான் டாக்டர்," என்றாள் கோரின்.

"நீங்களா? எப்ப?"

"இப்பத்தான். எல்லாரும் கீழ போனதும். அடுத்த வாரம் எங்களுக்குத்தானே வருது, தள்ளி வச்சிட்டாக் கையோட வேலை முடிஞ்சுதேன்னு."

"என்னைக் கேக்காமலா?"

"கேட்டா விட மாட்டீங்களே."

ஹார்லன் அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். முந்தின இரவை ஒரு தடவை நினைத்துப் பார்த்தார் போலிருக்கிறது. முகம் லேசாக வெளுத்தது. இவள் தள்ளவில்லையென்றால் தள்ள மறந்தது யார் என்ற கேள்வி வரும். "இனிமே தொடாதீங்க," என்று அவசரமாக முடித்துக்கொண்டு பெட்டியை மூடினார். வெண்டல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டிகள் நிற்கும் இடத்தில் மார்கிட் கோரினைப் பிடித்தாள். "ஏய், நில்லு. எதுக்கு அப்படிச் சொன்ன?"

கோரின் கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "உன்னை ஊர் முன்னால மாட்டி விட்டா எனக்கு ஒரு நாள் சந்தோஷம். மாட்டி விடாம வச்சிருந்தா சாகற வரைக்கும் சந்தோஷம்."

"நீ திருந்தவே மாட்டடி."

"ஜலதோஷம் எப்படி இருக்கு?"

"வாயை மூடு."

"நல்லா வாசிச்ச, மார்கிட்." சுரண்டல் நின்றது. "மூணாவது பகுதியில அழுதுட்டேன். சிரிச்சுக்கிட்டிருந்தேன்னு நெனச்சியா? மொதல்ல சிரிச்சேன். அப்புறம் அழுதேன். சனிக்கிழமை எங்ககிட்ட ஒரு வயோலா குறையுது. வரியா?"

"செத்தாலும் வர மாட்டேன்."

"ஏழு மணிக்கு. கதவைத் தட்ட வேண்டாம், தொறந்தே இருக்கும்."

சனிக்கிழமை மார்கிட்டின் கார் பாலத்தில் போனதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். தங்கையைப் பார்க்கப் போனதாகச் சொன்னாள். அவளுக்குத் தங்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மேல் கட்டை, சனிக்கிழமை கீழ்க் கட்டை என்று இன்றுவரை ஓடுகிறது. இரண்டு கோஷ்டியும் ஒன்றாகவில்லை. ஒன்றானால் அப்புறம் யாரைப் பற்றிப் பேசுவது? அன்றைக்கு நடந்தது வெளியே வராமலா இருக்கும்? வெண்டலிடம் ரகசியம் முதல் பீர்வரைக்கும்தான் தங்கும். ஊருக்கே தெரியும். ஓர்விலிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை; பாவம், இந்த வயசில் எதற்கு?

சமையல்கட்டில் என்ன நடந்தது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. பனி உருகியதும் ஐலிக்கும் ஹார்லனுக்கும் அதே சர்ச்சில் கல்யாணம் நடந்தது. ஹீட்டர் போட்டார்கள், ஹார்லன் வாயைத் திறக்கவில்லை. இலையுதிர் காலம் வருவதற்குள் இருவரும் அரிசோனாவுக்குக் குடிபோய்விட்டார்கள். ஐலிக்கு முழங்கால் வலிக்கு வெயில் நல்லதாம். அந்த வறண்ட காற்றில் பெட்டி பிளந்துபோகும் என்பதால் ஹார்லன் அதை மார்கிட் வீட்டுச் சாப்பாட்டு அறையில் விட்டுவிட்டுப் போனார். மார்கிட்டின் கணவர் இப்போது கோட்டைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிடுகிறார். அரிசோனாவிலிருந்து ஐலி வெண்டலுக்குப் போன் செய்தாளாம்: கிழவர் வீட்டில் ஏசி போடவே விடுவதில்லையாம், பொத்தானைத் தொடவிடாத பழக்க தோஷம், அதனால் ஏசிச் சாவியையும் தான் கழுத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கிறாளாம்.